முள்ளைச் சூழ்ந்த வெள்ளணுக்கள்

உள்ளங்காலில் கருவேல முள் ஏறி நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை ஊரில் பிறந்தவர் எவருக்கும் சொல்ல வேண்டுவதில்லை. மாலைக்குள் அவ்விடம் சிவக்கும், தொட்டால் சுடும், மறுநாள் வீங்கி, விண்ணென்று தெறிக்கும். சிலருக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டும். முள்வாங்கிக்கு அகப்படாத முள், இரண்டு மூன்று நாளில் அவ்விடம் பழுத்து உடைய, சீழோடு தானே வெளிவந்துவிடும். "பழுக்கட்டும், பழுத்தால்தான் ஆறும்" என்று வீட்டு மூதாட்டியர் களி கிண்டி வைத்துக் கட்டுவர். முள்வாங்கி என்னும் கருவியையே கண்டிராத நம் காலனிப் பிள்ளைகளுக்கும் முழங்காலில் சிராய்ப்பும் விரலில் நகச்சுற்றும் வராமல் இல்லை. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்னும் இந்நான்கையும் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் செல்சஸ் ஒருசேரத் தம் மருத்துவ நூலில் குறித்து வைத்தார். இன்றும் மருத்துவ மாணவர் அப்பட்டியலைத்தான் மனப்பாடம் செய்கின்றனர்.

இதனைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. மேனாட்டார் வழங்கும் சொல்லும் தீச்சுடரைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்தே வந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே உவமையைக் கைக்கொண்டன என்றால், அவ்வனுபவம் மனிதர் அனைவருக்கும் பொது என்பதே காரணம். ஆனால் உவமையிலேயே ஓர் இடர் இருந்தது. நெருப்பு என்றால் அணைக்க வேண்டியதுதானே? ஐரோப்பிய மருத்துவர் பல நூற்றாண்டுகள் அவ்வாறே எண்ணினர். அழற்சியே நோய், மிகுந்த குருதியே அதன் விறகு, ஆகவே குருதியை வடித்தால் நெருப்பு அவியும் என்பது அவர்கள் துணிபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் புகழோடு விளங்கிய புரூசே என்பார், நோய்களுக்கெல்லாம் வேர் குடலின் அழற்சியே என்று நாட்டி, நோயாளிகளின் வயிற்றில் அட்டைகளை அடுக்கினார். 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்சு நாடு 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை வெளிநாடுகளிலிருந்து தருவித்தது. நோயால் மெலிந்தவரின் குருதியை மருந்தின் பேரால் உறிஞ்சிய அக்காலத்தை எண்ணும்போது, ஒரு தவறான கருத்து எத்தனை உயிர்களுக்கு விலை வைக்கும் என்பது விளங்குகிறது.

மறுத்துரைத்தவர் இல்லாமல் இல்லை. போர்க்களக் காயங்களைக் கண்டு தேர்ந்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், அவர் மறைந்தபின் 1794இல் வெளிவந்த நூலில், அழற்சி தன்னளவில் ஒரு நோயன்று, ஊறுபட்ட உடல் நலம் நோக்கிச் செய்யும் செயல் என்று எழுதியிருந்தார். ஆனால் அச்செயலைச் செய்வது எது, எவ்வாறு என்று காட்டுதற்கு அவரிடம் கருவி இல்லை.

அக்கருவி உருப்பெருக்கி. 1867இல் பெர்லினைச் சேர்ந்த கோன்ஹைம் என்ற இளம் மருத்துவர், உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை உருப்பெருக்கியின் கீழ் விரித்து வைத்து மணிக்கணக்கில் நோக்கியிருந்தார். காற்றுப்பட்டு அச்சவ்வு அழற்சி கொள்ளவே, குருதிக் குழாய்கள் அகன்றன; ஓட்டம் முதலில் விரைந்து பின் தளர்ந்தது. வெள்ளணுக்கள் குழாயின் ஓரமாக ஒதுங்கிச் சுவரில் ஒட்டின. பிறகு சுவரினூடே மெல்ல நுழைந்து வெளியே வந்தன. சீழ் என்று நாம் அருவருக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது என்னும் பழங்கேள்விக்கு அன்று விடை கிடைத்தது: அது குருதியினின்றும் வெளிவந்த வெள்ளணுக்களின் திரள். எனினும், குழாயின் சுவர் பழுதுற்றமையால் அவை கசிகின்றன என்றே கோன்ஹைம் கருதினார். ஓட்டைப் பானையிலிருந்து நீர் ஒழுகுவதை நீரின் நோக்கம் என்று யாரும் சொல்லார் அல்லவா?

வெள்ளணுக்கள் ஒழுகவில்லை, வேலையாகவே வருகின்றன என்று சொன்னவர் மருத்துவரே அல்லர், விலங்கியலார். இல்யா மெச்னிகோவ் 1845இல், இன்றைய உக்ரைன் நாட்டில் கார்க்கிவ் நகரை அடுத்த சிற்றூர்ப் பகுதியில் பிறந்தவர். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். துயரம் அவரைத் தொடர்ந்தது. முதல் மனைவி 1873இல் காசநோயால் மாண்டார்; அத்துயரில் நஞ்சுண்டு தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்தார். பல்கலைக்கழகத்தில் அரசியல் நெருக்கடி முற்றவே 1882இல் பதவியைத் துறந்து, இரண்டாம் மனைவி ஓல்காவுடனும் அவருடைய இளைய உடன்பிறப்புகளுடனும் சிசிலித் தீவின் மெசினா நகருக்குக் குடிபெயர்ந்தார். கடலோரத்து வீட்டின் கூடமே அவரது ஆய்வுக்கூடம்.

அங்கு நடந்ததை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். ஆண்டிறுதி விடுமுறை நாள். வித்தை காட்டும் குரங்குகளைக் காண வீட்டார் அனைவரும் சர்க்கசுக்குச் சென்றுவிட்டனர். மெச்னிகோவ் தனித்திருந்து, நட்சத்திர மீனின் இளங்குஞ்சு ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் அதற்கு. அதனுள்ளே ஊர்ந்து திரியும் உயிரணுக்களை அவர் முன்பே அறிவார். தட்டைப்புழு முதலிய சிற்றுயிர்களில் இத்தகைய அணுக்கள் உணவுத் துகள்களை விழுங்கிச் செரிப்பதையும் கண்டிருந்தார். உணவை விழுங்கும் அணு, பகையையும் விழுங்குமோ? அந்த எண்ணம் தோன்றியதும் அறைக்குள் இருப்புக்கொள்ளாமல் உலாவினார். கடற்கரைக்குச் சென்று நின்றார். உண்மையாயின், குஞ்சின் உடலில் ஒரு சிராயைச் செருகினால் முள் தைத்த விரலைச் சுற்றி நேர்வதுபோலவே அணுக்கள் திரண்டு சூழ வேண்டும் என்று தமக்குள் கணக்கிட்டார். வீட்டுச் சிறு தோட்டத்து ரோஜாவிலிருந்து முட்களைக் கொய்து, நீர்போல் தெளிந்த அக்குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியலில் எழுந்து நோக்கியபோது முள்ளைச் சுற்றி ஊரும் அணுக்கள் மொய்த்திருந்தன.

இதன் நுட்பம் எதில் உள்ளது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். நட்சத்திர மீனின் குஞ்சுக்குக் குருதிக் குழாயே கிடையாது. குழாயின் சுவர் பழுதுற்றதால்தான் வெள்ளணு கசிந்தது என்ற வாதம், குழாயே இல்லாத உயிரின்முன் நில்லாது போயிற்று. சிவப்பும் சூடும் வீக்கமும் நம்மைப்போன்ற உயிர்களில் பின்னர்ச் சேர்ந்தவை. அணுக்கள் வந்து சூழ்வதே அழற்சியின் கரு. முதுகெலும்பில்லாத ஒரு கடற்பூச்சியிடம் கேட்ட கேள்வியால் மனிதனின் சீழ்க்கட்டிக்குப் பொருள் கிடைத்தது.

அச்சமயம் மெசினாவுக்கு வந்திருந்த ஜெர்மானியப் பேரறிஞர் விர்ச்சோ இதனைப் பார்த்து ஊக்கம் கூறினார். ஆனால் எச்சரிக்கையும் செய்தார். வெள்ளணுக்களுக்குள் நுண்ணுயிர்கள் இருப்பதை மருத்துவர் முன்பே கண்டிருந்தனர். அவ்வணுக்களே கிருமிகளை ஏற்றிச் சென்று உடலெங்கும் பரப்பும் வண்டிகள் என்பது அந்நாளைய பாடம். வியன்னாப் பேராசிரியர் கிளௌசிடம், இவ்வணுக்களுக்குக் கிரேக்கத்தில் ஒரு பெயர் வேண்டும் என்று மெச்னிகோவ் கேட்க, உண்ணும் அணு என்று பொருள்படும் 'பாகோசைட்' என்னும் சொல் பிறந்தது. நாம் விழுங்கணு என்போம். 1883இல் கட்டுரை வெளியாயிற்று.

மறு ஆண்டு அவர் காட்டிய சான்று இன்னும் வலிது. குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளுக்கு ஒரு காளான் நோய் உண்டு. ஊசிபோன்ற அதன் வித்துகள் உணவோடு குடலுக்குள் புகுந்து, குடற்சுவரைத் துளைத்து உடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். உடனே குருதியணுக்கள் அவ்வூசியைச் சூழ்ந்து பற்றிக் கரைத்துவிடும். அவை வென்றால் தெள்ளு பிழைக்கும். ஓர் ஊசி தப்பி முளைவிட்டால், காளான் பல்கித் தெள்ளு மடியும். நோய் என்பது இருவர் போர் என்பதை ஓர் உயிரின் ஒளிபுகும் உடலுக்குள்ளேயே தொடக்கமுதல் முடிவுவரை காண முடிந்தது.

பெர்லினில் கோக் அவர் காட்டியவற்றைப் பொருட்படுத்தவில்லை. பாரிசில் பாஸ்டர் இடம் கொடுத்தார்; 1888 முதல் இறுதிவரை மெச்னிகோவின் உழைப்பெல்லாம் பாஸ்டர் நிலையத்திலேயே நடந்தது. 1870ஆம் ஆண்டுப் போரின் கசப்பு ஆறாத இரு நாடுகள் அவை. அறிவியல் வழக்கிலும் அக்கசப்பின் வாடை வீசியது. 1890இல் ஜெர்மானியர் பேரிங்கும் சப்பானியர் கிடசாடோவும், நோயினின்றும் காக்கப்பட்ட விலங்கின் குருதித் தெளிநீரில் அணு எதுவுமின்றியே நஞ்சை முறிக்கும் பொருள் இருப்பதைக் காட்டியபோது, காவல் செய்வது தெளிநீரே, அணுக்கள் பின்னர்ப் பிணம் எடுக்க வருபவை என்று எதிர்த்தரப்பு முழங்கிற்று. மெச்னிகோவ் விடவில்லை. மாநாடுதோறும் தலைமயிர் கலைந்து, குரல் உயர்த்தி வாதிட்டார் என்கின்றனர் கண்டவர்கள். 1891இல் பாரிசில் அழற்சியைப் பற்றி அவர் ஆற்றிய விரிவுரைகள், அமீபா தொடங்கி மனிதன் வரை படிப்படியாக ஏறிச் செல்லும் பாங்கில் அமைந்தவை. இன்று படித்தாலும் அவற்றின் சுவை குன்றவில்லை.

இவ்விடத்தில் நம் மும்பை மாநகரம் இக்கதையில் நுழைகிறது. ஒடெசாவில் மெச்னிகோவிடம் பயின்ற யூத மாணவர் வால்டெமர் ஹாஃப்கின், ஆசிரியரைத் தொடர்ந்து பாரிசு சென்று, வாந்திபேதிக்குத் தடுப்பூசி செய்து, 1892இல் தம் உடம்பிலேயே குத்திப் பார்த்தவர். 1893இல் இந்தியா வந்தார். 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்விப் பகுதியில் கொள்ளைநோய் வெளிப்பட்டு, மக்கள் திரள்திரளாக நகரை விட்டு ஓடிய காலத்தில் இங்கு அனுப்பப்பட்டு, சில மாதங்களுக்குள் தடுப்பூசியைச் செய்து முடித்து, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். மாதுங்கா, சயான் பகுதிகளிலிருந்து தெற்கே செல்லும் நம்மவர் பலர் கடந்து போகும் பரேலில், முன்னாள் ஆளுநர் மாளிகையில் 1899 முதல் இயங்கி, 1925இல் ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் பெற்றது அவருடைய ஆய்வகமே. நெறி கட்டுதல் என்று முன்னே சொன்னோமே, அதன் மிகக் கொடிய வடிவம்தான் பிளேக்கின் கழலை. தெள்ளுக் கடித்த இடத்திலிருந்து கிருமி நிணநீர் வழியே நெறிக்குப் போய்ச் சேர, அங்கே விழுங்கணுக்கள் திரள்கின்றன. ஆனால் அக்கிருமியோ தன்னைத் தொடும் விழுங்கணுவுக்குள் நுண்ணிய ஊசி போன்ற உறுப்பால் சில புரதங்களைச் செலுத்தி, அதனை விழுங்க முடியாமல் முடக்கிவிடுகிறது. இம்முடக்கும் முறை அறியப்பட்டது அண்மைக் காலத்தில், ஹாஃப்கினுக்குத் தெரியாது.

அணுவா தெளிநீரா என்னும் வழக்கைத் தீர்க்கும் வழி 1903இல் இலண்டனில் புலப்பட்டது. ஆல்ம்ரோத் ரைட் என்பவர் டக்ளஸ் என்ற துணைவரோடு செய்த ஆய்வில், தெளிநீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின்மேல் படிந்தால்தான் விழுங்கணுக்கள் அதனை விருப்போடு விழுங்குகின்றன என்று கண்டார். வெறுஞ்சோறு இறங்காத பிள்ளைக்குப் பருப்பும் நெய்யும் பிசைந்து ஊட்டுவது போன்றது இது. ரைட்டும் உணவை ஆயத்தம் செய்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றே அப்பொருளுக்கு 'ஆப்சோனின்' என்று பெயர் வைத்தார். இந்த விழுங்கணுப் பித்து இலண்டனைப் பிடித்து ஆட்ட, நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 1906இல் ஒரு நாடகமே எழுதி அதனைக் கேலி செய்தார். 1908ஆம் ஆண்டின் நோபெல் பரிசு மெச்னிகோவுக்கும், எதிரணியின் தலைசிறந்த அறிஞர் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே டிசம்பர் மாதம் 28ஆம் நாள் நிலநடுக்கத்தில் மெசினா நகரம் தரைமட்டமாகி, பல்லாயிரவர் மாண்டனர்.

இனி, முள் தைத்த இடத்துக்கே திரும்புவோம். அன்று காணாத பலவற்றை இன்று கண்டிருக்கிறார்கள். தோலுக்கடியில் நிலையாகக் குடியிருக்கும் பெருவிழுங்கணுக்களும், மாஸ்ட் எனப்படும் அணுக்களும் முதலில் ஊறு உணர்கின்றன. மாஸ்ட் அணு ஹிஸ்டமின் என்னும் பொருளை உதிர்க்கிறது; அருகிலுள்ள நுண்குழாய்கள் அகல்கின்றன; அதுவே சிவப்பும் சூடும். சுவரின் இணைப்புகள் நெகிழ்ந்து நீர் கசிகிறது, அதுவே வீக்கம். அப்போது உண்டாகும் வேறு பொருள்கள் நரம்பு முனைகளைத் தூண்டுகின்றன, அதுவே வலி. ஆஸ்பிரின் மாத்திரை அப்பொருள்களில் ஒருவகையான புராஸ்டகிளாண்டின் உண்டாகாமல் தடுத்தே வலி தீர்க்கிறது என்பதை 1971இல் ஜான் வேன் விளக்கினார். செல்சஸ் எழுதிய நான்கு குறிகளும், படைவருவதற்குப் பாதை திறந்ததன் அடையாளங்களே.

வருகின்ற படையில் முந்துவது நியூட்ரோஃபில். குருதிப் பரிசோதனைச் சீட்டில் 'பாலிமார்ஃப்' என்று நூற்றுக்கு 50 முதல் 70 வரை எண் போட்டிருப்பார்களே, அதுதான். நம் எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் படைக்கிறது. குழாயின் உட்சுவரில் அழற்சியால் முளைத்த பிடிப்புகள் அவற்றைத் தடுக்க, அவை ஓட்டம் தளர்ந்து உருண்டு, பிறகு இறுக ஒட்டி, உடல் நெளித்து வெளியேறி, கிருமியின் வாடைபோல் பரவும் வேதிப்பொருளின் செறிவு எத்திசையில் மிகுகின்றதோ அத்திசையில் ஊர்கின்றன. கிருமியை எட்டியதும் உடலே வாயாகி அதனைச் சூழ்ந்து உள்ளிழுக்கின்றன. உள்ளே அமைந்த பைக்குள் நொதிகள் கொட்டப்படுகின்றன. உயிர்வளியிலிருந்து கொடிய பொருள்கள் உண்டாக்கப்படுகின்றன. குளோரின் கலந்த குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லும் அமிலம் எதுவோ, அதே அமிலத்தை இவ்வணு தன் வயிற்றுக்குள் காய்ச்சுகிறது! அதனைக் காய்ச்சும் நொதி பச்சை நிறமுடையது. சீழில் ஒரு பசுமை தோன்றுவது அதனால்தான். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தக் காய்ச்சல் அடுப்பு எரிவதில்லை. அவர்களுடைய அணுக்கள் ஓடிவரும், விழுங்கும், கொல்ல மாட்டா. ஓயாத கட்டிகளும் சீழும் அக்குழந்தைகளை வாட்டும். 1950களில் விவரிக்கப்பட்ட இந்நோயைப் பின்னர் ஆராய்ந்தபோது, விழுங்குவது வேறு, கொல்வது வேறு என்பது தெளிவாயிற்று.

இவ்வேறுபாட்டைக் கிருமிகள் நமக்கு முன்பே அறிந்திருந்தன போலும். காசநோய்க் கிருமி பெருவிழுங்கணுவால் விழுங்கப்படுவதை அஞ்சுவதில்லை. தான் இருக்கும் பையில் நொதிப்பை வந்து சேராதபடி தடுத்து, உள்ளேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. சென்னை நகரிலும் இப்படி ஒரு செய்தி உண்டு. 1903இல், சென்னை அரசினர் பொதுமருத்துவமனையில் பணிபுரிந்த சார்லஸ் டோனவன், மண்ணீரல் வீங்கிய நோயாளிகளின் மண்ணீரல் அணுக்களில் சிறு முட்டை வடிவான உருக்களைக் கண்டார். டம்டமிலிருந்து திரும்பி இங்கிலாந்தில் இறந்த சிப்பாய் ஒருவரின் மண்ணீரலில் லீஷ்மன் கண்டு அவ்வாண்டே வெளியிட்டவையும் அவையே. காலா அசார் என்னும் அந்நோயின் ஒட்டுண்ணி வாழ்வதும் பெருகுவதும் பெருவிழுங்கணுவின் உள்ளேதான். வேலிக்குள்ளேயே வெள்ளாடு கிடை போட்ட கதை இது. அழற்சி தணிய வேண்டிய நேரத்தில் தணியாது நீடித்தால், கிருமியே இல்லாத இடத்திலும் அதே நொதிகள் மூட்டுகளை அரிக்கும் என்பதையும், இதயக் குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கிய பெருவிழுங்கணுக்கள் அடைசலாகத் தேங்கும் என்பதையும் மூட்டுவாதமும் மாரடைப்பும் நம் இல்லங்களில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆக, புரூசேயை நாம் முற்றும் நகைத்துத் தள்ளுவதற்கில்லை, நெருப்பு சுடும் என்றவரையில் அவர் சொன்னது மெய், அட்டைதான் பொய்.

மெச்னிகோவ் 1916இல் மறைந்தபின் அவர் கொள்கை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓரத்தில் கிடந்தது. தடுப்பாற்றல் என்றாலே தெளிநீரிலுள்ள எதிர்ப்பொருளும் அதனைச் செய்யும் நிணநீரணுவுமே பேசப்பட்டன; விழுங்கணு துப்புரவுப் பணியாளராகவே எண்ணப்பட்டது. ஒரு கேள்விக்கு மட்டும் எவரும் விடை கூறவில்லை: முன்பின் பார்த்திராத கிருமியைப் பகையென்று அது எவ்வாறு அறிகிறது? அமெரிக்கர் சார்லஸ் ஜேன்வே 1989இல், கிருமிகளுக்கே பொதுவாக உரிய சில உருவமைப்புகளை உணரும் ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று வெறும் தருக்கத்தாலேயே சொன்னார். 1996இல் அது ஸ்டிராஸ்பர்க் நகரில் ழூல் ஹாஃப்மன் குழுவினரால் மெய்யாயிற்று. கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு பழ ஈயில், 'டோல்' என்னும் மரபணு பழுதுபட்டால் அது காளான் நோய்க்கு இரையாகிறது என்று அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டே மனிதரிலும் அதன் இனம் கண்டறியப்பட்டது. 1998இல், சில பாக்டீரியாக்களின் புறவுறையிலுள்ள நஞ்சை எலியின் உடல் உணர்வது அவ்வகை ஏற்பி ஒன்றின் வழியாகவே என்று புரூஸ் பாய்ட்லர் நிறுவினார். ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011இல் நோபெல் பரிசு பெற்றனர். மூன்றாமவராக அப்பரிசைப் பகிர்ந்த ரால்ஃப் ஸ்டைன்மன், 1973இல் கிளையணு என்னும் புதுவகை அணுவைக் கண்டறிந்தவர். அது கிருமியை விழுங்கி, துண்டு துண்டாக்கி, அத்துண்டுகளைத் தன் மேற்புறத்தில் ஏந்தி நெறிக்குச் சென்று, நிணநீரணுக்களுக்குக் காட்டுகிறது. அதன்பிறகே நிணநீரணுக்கள் விழித்து, எதிர்ப்பொருள் செய்யத் தலைப்படுகின்றன. பேரிங் கண்ட தெளிநீரின் ஆற்றலுக்கும் தொடக்கம், விழுங்கும் ஓர் அணுவிடமே இருந்தது.